எங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது, எங்கள் நேரம் எந்தக் கணக்கில்?

தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்புகளை நடத்தும் செயற்குழுவினருக்கும், அந்தக் கூட்டமைப்புகளுக்கு நிதி தருபவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன். சம்பளம் வாங்குபவர்கள் மூன்று பேர், அதிலும் ஒருவர் பாதி நேரம்தான் வருகிறார். மற்ற எல்லாரும் தன்னார்வலர்கள். தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பது, மருந்து வாங்கித் தருவது, மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, இவைதான் எங்கள் வேலை. ஐந்து கூட்டமைப்புகளின் உறுப்பினர் பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறது.

போன மாதம் ஏதோ ஒரு சந்தேகத்தில் என் நாட்குறிப்பை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஐந்து கூட்டமைப்புகளின் கூட்டங்கள், போய்வரும் பயணம், கூட்டத்துக்கு முன்னால் படிக்க வேண்டிய காகிதங்கள், நிரப்பித் தர வேண்டிய படிவங்கள் எல்லாம் சேர்ந்து 31 மணி நேரம். கிட்டத்தட்ட நான்கு வேலை நாட்கள். அதே கூட்டங்களுக்கு வந்த பெரிய அமைப்புகளின் ஆட்களுக்கு அது சம்பள நேரம். கூட்டாண்மையைக் கவனிப்பதற்கென்றே தனி ஆள் வைத்திருக்கும் அமைப்புகளும் அங்கே உண்டு. எங்களுக்கோ அது ஏதோ ஒரு முதியவரின் வீட்டுக்குப் போகாமல் விட்ட நேரம். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது.

கூட்டமைப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதனால் நடந்த நல்லதைக் கண்ணால் பார்த்தவள் நான். சில ஆண்டுகளுக்கு முன்னால், பக்கத்தில் வேலை செய்யும் இரண்டு அமைப்புகளோடு ஒரு மதியம் உட்கார்ந்தோம். மூன்று பேரும் எந்தெந்தத் தெருவுக்கு எந்தெந்தக் கிழமை போகிறோம் என்று எழுதியிருந்த அட்டவணைகளை மேசையில் பரப்பினோம். ஒரு தெருவில் மூன்று அமைப்புகளுமே செவ்வாய்க்கிழமை போய்க்கொண்டிருந்தன. வெள்ளி முதல் திங்கள் வரை அந்தத் தெருவுக்கு யாருமே போகவில்லை. ஒரே பாட்டியின் வீட்டில் காலை பத்து மணிக்கு எங்கள் ஆள், பதினொன்றுக்கு இன்னொரு ஆள், பன்னிரண்டுக்கு மூன்றாவது ஆள். அவரும் யார் மனதையும் நோகடிக்க விரும்பாமல் மூன்று பேரிடமும் முதல் முறை சொல்வது போலவே தன் கதையைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்.

கிழமைகளைப் பிரித்துக்கொண்டோம். செவ்வாயும் சனியும் எங்களுக்கு. மொத்தம் இரண்டு மதியங்கள் செலவானது, பணம் எதுவும் ஆகவில்லை. அடுத்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறையில் விழுந்து எழ முடியாமல் கிடந்த ஒருவரை எங்கள் தோழமை அமைப்பின் தன்னார்வலர் பார்த்து ஆம்புலன்ஸ் வரவழைத்தார். பழைய அட்டவணை இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமைதான் அந்தக் கதவை யாராவது தட்டியிருப்பார்கள். கூட்டாண்மை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது.

அப்படிப்பட்ட மேசைக்கும் இப்போது நான் போகும் கூட்டங்களுக்கும் நடுவில் தூரம் அதிகமாகிவிட்டது. ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். பத்து அமைப்புகள் சேர்ந்தால் இருவர் இருவராக 45 உறவுகள் உண்டாகின்றன. முப்பது அமைப்புகள் சேர்ந்தால் 435. உறுப்பினர் எண்ணிக்கை மூன்று மடங்கு ஆகும்போது கவனிக்க வேண்டிய உறவுகள் ஏறக்குறைய பத்து மடங்கு ஆகின்றன. இதைத் தாங்குவதற்கு ஒருவர் முழுநேரமாக உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். யார் எதில் திறமையானவர், யாருக்கும் யாருக்கும் பழைய மனத்தாங்கல் இருக்கிறது, எந்த அமைப்பு இந்த மாதம் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பார்த்த கூட்டமைப்புகளில் பாதிக்கு மேல், அந்த வேலையை வேறு மூன்று பொறுப்புகளோடு சேர்த்து ஓர் இளைஞரின் தலையில் வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்தில் அவர் போய்விடுகிறார். புதியவர் வந்து எங்களிடம் அதே படிவத்தைத் திரும்பவும் நிரப்பச் சொல்கிறார். உறுப்பினர் எண்ணிக்கை மட்டும் ஆண்டறிக்கையில் ஏறிக்கொண்டே போகிறது.

கூட்டமைப்பு யாருடைய வசதிக்காக உருவாகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் குணமும் அமைகிறது. 1869-இல் லண்டனில் தர்ம அமைப்புகளை ஒருங்கிணைக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒரே குடும்பம் பல இடங்களில் உதவி வாங்குகிறது, கொடுப்பவர்களின் பணம் வீணாகிறது என்பது அவர்களின் கவலை. கவலையில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஆனால் உதவி கேட்டு வந்தவர்களை விசாரிப்பதும், தகுதியான ஏழை, தகுதியற்ற ஏழை என்று பிரிப்பதுமே அந்தச் சங்கத்தின் பெரிய வேலையாகிப் போனது. கொடுப்பவரின் கவலையைத் தீர்க்கப் பிறந்த கூட்டமைப்பு, வாங்குபவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் போய் நின்றது.

அதே நாட்டில் 1919-இல் தேசிய சமூக சேவை மன்றம் உருவானது. இன்று இங்கிலாந்தில் தன்னார்வ அமைப்புகளின் தேசிய மன்றமாக இருப்பது அதன் தொடர்ச்சிதான். முதல் உலகப் போரில் 1916-இல் இறந்த எட்வர்ட் பர்ச்சால் தன் நண்பருக்கு விட்டுச்சென்ற ஆயிரம் பவுண்டு அதன் தொடக்கத்துக்கு உதவியது. அமைப்புகள் ஒன்றுசேர்ந்து இயங்குவதற்கே அந்தப் பணம் போனது. சேர்ந்து இயங்குவதும் ஒரு வேலை, அதற்கும் செலவு உண்டு என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

பேரிடர்க் காலங்களில் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கச் பகுதியை நிலநடுக்கம் தாக்கியபோது, அங்கே உள்ளூர் அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று ஏற்கனவே இருந்தது. 1998 புயலுக்குப் பிறகு உருவான கச் நவ நிர்மாண் அபியான் அது. ஒருவரையொருவர் முகம் தெரிந்தவர்கள், ஒரு புயலைச் சேர்ந்து பார்த்தவர்கள். அதனால்தான் கிராமங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, 'சேது' என்ற பெயரில் மையங்களை அவர்களால் வேகமாகத் திறக்க முடிந்தது. சேது என்றால் பாலம். எந்த ஊருக்கு என்ன தேவை என்ற செய்தி கீழிருந்து மேலே போகவும், அரசு என்ன அறிவித்திருக்கிறது என்ற செய்தி மேலிருந்து ஊருக்கு வரவும் அந்த மையங்கள் உதவின.

2010 ஜனவரியில் ஹைத்தியில் நிலநடுக்கம் வந்தபோது நடந்தது வேறு. ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் ஐ.நா. வளாகத்துக்குள் நடந்தன. பாதுகாப்புக் கெடுபிடிகளைத் தாண்டி ஹைத்தியின் சொந்த அமைப்புகள் உள்ளே நுழைவதே சிரமமாக இருந்தது. உள்ளே போனவர்களுக்கும் கூட்டம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது, மக்கள் பேசும் கிரியோல் மொழியில் நடக்கவில்லை. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு, 2007-இல், ஐ.நா. அமைப்புகளும் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து கூட்டாண்மைக்கு ஐந்து கொள்கைகளை வகுத்திருந்தன: சமத்துவம், வெளிப்படைத்தன்மை, பயனை நோக்கிய செயல்பாடு, பொறுப்பு, ஒருவர் குறையை ஒருவர் நிரப்புதல். ஐந்தும் நல்ல கொள்கைகள், ஒன்றில்கூட எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தச் சமத்துவம் ஹைத்தியில் வாசல் காவலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கூட்டம் எங்கே நடக்கிறது, எந்த மொழியில் நடக்கிறது, எந்த நேரத்தில் நடக்கிறது என்று சின்ன விஷயமாகத் தெரிபவைதான் யார் உள்ளே, யார் வெளியே என்பதை முடிவு செய்கின்றன. எங்கள் கூட்டமைப்புகளிலும் அப்படித்தான். காலை ஒன்பதரை மணிக் கூட்டத்துக்கு, பகலில் வேறு வேலைக்குப் போகும் தன்னார்வலர்களே நடத்தும் அமைப்பு எப்படி வரும்? அவர்கள் வராததை ஆர்வமின்மை என்று நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதியதை நான் படித்திருக்கிறேன். படித்து மிகவும் வருத்தப்பட்டேன்.

சரி, பணத்துக்கு வருகிறேன். பணத்தைப் பற்றிப் பேசுவது தொண்டு செய்பவர்களுக்கு அழகில்லை என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பெரிய அமைப்பு எங்களைக் கூட்டு விண்ணப்பத்துக்கு அழைத்தது. கடைசித் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. எங்கள் பயனாளிகளின் எண்ணிக்கை, படங்கள், ஆதரவுக் கடிதம் எல்லாவற்றையும் கேட்டார்கள். இரண்டு இரவு விழித்திருந்து தயார் செய்து கொடுத்தோம். நிதி கிடைத்தது. மொத்தத் தொகை எவ்வளவு என்பது அவர்களின் ஆண்டறிக்கையைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு வந்த பங்கு, தன்னார்வலர்களின் பயணச் செலவுக்கு மட்டும். அலுவலக வாடகை, தொலைபேசி, கணக்குத் தணிக்கை, என் நேரம், எதற்கும் அதில் இடம் இல்லை. தலைமை அமைப்பின் வரவுசெலவில் நிர்வாகச் செலவு என்று ஒரு வரி இருந்தது, எங்களுடையதில் அந்த வரியே கிடையாது. அந்தப் பணத்துக்கு மாதம் நான்கு பக்க அறிக்கை எழுதினோம். இரண்டாம் வருடம் பங்கு நின்றுவிட்டது, விளம்பரத் தாளில் எங்கள் சின்னம் மட்டும் தொடர்ந்தது. கேட்டபோது, ஒப்பந்தத்தில் முதல் வருடம் மட்டும்தானே இருக்கிறது என்று பொறுமையாகவே பதில் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை. அவசரத்தில் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். ஆனால் ஆறு நாள் அவகாசத்தில் நியாயமான ஒப்பந்தம் எழுதவே முடியாது என்பதை இரண்டு தரப்பும் அறிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1998-இல் அரசும் தன்னார்வத் துறையும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதை ஒட்டி உருவான நெறிமுறைகள், கருத்துக் கேட்பதற்குப் பன்னிரண்டு வார அவகாசம் தர வேண்டும் என்றன. சேவைக்கான செலவில் நிர்வாகச் செலவையும் சேர்த்துக் கேட்பது முறையானது என்றும் ஏற்றன. உடன்பாட்டை எல்லாரும் எப்போதும் மதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், சட்டக் கட்டாயம் எதுவும் அதற்கு இல்லை. இருந்தாலும் பன்னிரண்டு வாரம் என்று ஒரு காகிதத்தில் எழுதியிருப்பது சிறிய அமைப்புக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு. ஆறு நாள் போதாது என்று சொல்லும்போது அது நம் சோம்பேறித்தனமாகத் தெரியாது.

உள்ளூர் அமைப்புகளின் கைக்கு நேராகப் பணம் போக வேண்டும் என்று உலக அளவிலும் உறுதி கொடுத்திருக்கிறார்கள். 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த மனிதநேய உச்சி மாநாட்டில், 2020-க்குள் நிவாரண நிதியில் குறைந்தது 25 சதவீதம் முடிந்த அளவு நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்று பெரிய நன்கொடை நாடுகளும் அமைப்புகளும் ஒப்புக்கொண்டன. 2020 வந்து போனது. ஒன்றிரண்டு அமைப்புகள் எட்டியிருந்தாலும், மொத்தத்தில் பார்த்தால் இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. சிறிய அமைப்புகளுக்குத் திறன் இல்லை, கணக்கு வைக்கத் தெரியாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கணக்கு வைக்க ஆள் போட யாரும் பணம் தராதபோது திறன் எங்கிருந்து வரும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பணம் வரும் குழாயாக மட்டுமே கூட்டாண்மை இருந்தால், குழாய் அடைபட்ட அன்றே அது முடிந்துவிடும். இந்தியாவில் 2020-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையே அந்தத் திருத்தம் தடை செய்தது. அதே திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பெரிய அமைப்பு வாங்கிச் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும் வழக்கமான ஏற்பாடு ஒரே நாளில் சட்டவிரோதம் ஆனது. அந்தச் சட்டத்தின் நியாய அநியாயத்தை அலச இது இடம் இல்லை. ஆனால் பணம் நின்ற பிறகும் ஒரு கூட்டமைப்பில் என்ன மிச்சமிருக்கும் என்று யோசிக்க அது நல்ல சோதனை. சேர்ந்து வைத்துக்கொண்ட அட்டவணை, இரண்டு அமைப்புகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு வண்டி, ஒருவர் நடத்தும் பயிற்சிக்கு மற்றவரின் தன்னார்வலர்கள் வருவது, இரவில் யோசிக்காமல் கூப்பிடக்கூடிய ஒரு தொலைபேசி எண். இவற்றை எந்தத் திருத்தமும் நிறுத்த முடியாது. ஆகவே பணத்தை ஒழுங்காகப் பிரியுங்கள் என்று கேட்கும்போதே, பணம் இல்லாமலும் நிற்கக்கூடியதைக் கட்ட எங்களுக்கு நேரம் கொடுங்கள் என்றும் கேட்கிறேன்.

செயற்குழுவினரிடம் முதலில் கேட்பது இதுதான். எங்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்கும்போது எங்கள் நேரத்தையும் வரவுசெலவில் சேருங்கள். ஆண்டு வருமானம் குறைவான அமைப்புகளுக்குக் கூட்டத்துக்கு வந்த மணி நேரத்துக்கு ஒரு தொகையும் பயணச் செலவும் தருவது பெரிய காரியம் இல்லை. ஒரு நாள் மாநாட்டுக்கு மண்டபம், மேடை, பை, பேனா என்று ஆகும் செலவில் பல சிறிய அமைப்புகளின் ஒரு வருட நேரத்தை வாங்கிவிடலாம். மாநாடுகளை நான் குறை சொல்லவில்லை, அங்கே சில நல்ல மனிதர்களைச் சந்தித்திருக்கிறேன். எது முதலில் என்று கேட்டால் நேரம்தான் முதலில்.

இன்னொன்று, முடிவெடுக்கும் இடம். எங்கள் கூட்டமைப்புகள் ஒன்றில் செயற்குழுவுக்கு வர ஆண்டுச் சந்தா ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் கட்டியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே அங்கே எப்போதும் அதே ஆறு ஏழு பெரிய அமைப்புகள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நல்ல உழைப்பாளிகள். ஆனால் அவர்கள் கண்ணுக்குத் தெரியாத தெருக்கள் உண்டு. செயற்குழுவில் பாதி இடத்தையாவது சிறிய அமைப்புகளுக்கு ஒதுக்குங்கள், தலைமையைச் சுழற்சியில் விடுங்கள். முடிவுகள் மெதுவாகும் என்பீர்கள். ஆகட்டும். அட்டவணைகளை மேசையில் பரப்பிய அந்த மதியமும் மெதுவாகத்தான் நகர்ந்தது.

நிதி தருபவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக எங்கள் பதிவுச் சான்றிதழ், தணிக்கை அறிக்கை, குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் தனித்தனிப் படிவத்தில் கேட்கிறீர்கள். ஒரே விவரத்தை வருடத்தில் ஏழு தடவை ஏழு விதமாக எழுதியிருக்கிறேன். கூட்டாண்மையை எங்களிடம் வலியுறுத்தும் நீங்கள் உங்களுக்குள்ளும் கூட்டுச் சேரலாமே. ஒருவர் சரிபார்த்ததை மற்றவர் ஏற்றுக்கொண்டால் போதும். ஐ.நா.வின் சில அமைப்புகளே கூட்டாளிகளின் விவரத்தை ஒரே இடத்தில் பதிந்து பகிர்ந்துகொள்ளத் தொடங்கிவிட்டன. அவ்வளவு பெரிய, அவ்வளவு மெதுவான அமைப்புகளால் முடியும்போது உங்களாலும் முடியும். அப்புறம், கூட்டு விண்ணப்பங்களில் ஒவ்வொரு பங்காளிக்கும் எவ்வளவு போகிறது, அதில் நிர்வாகச் செலவு எவ்வளவு என்பதை எல்லாப் பங்காளிகளும் பார்க்கும்படி வையுங்கள். பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று ஒரு விதி போட்டால், பாதி மனத்தாங்கல் பிறக்கவே பிறக்காது.

எங்கள் தரப்பிலும் வேலை இருக்கிறது. கூப்பிட்ட எல்லாக் கூட்டமைப்புக்கும் சரி என்று தலையாட்டியது நாங்கள்தான். போகாவிட்டால் நிதி கிடைக்காதோ என்ற பயம். இந்த வருடம் ஐந்தில் மூன்றிலிருந்து விலகுவது என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. விலகும் காரணத்தை அந்த மூன்று கூட்டமைப்புகளுக்கும் மரியாதையோடு எழுதியும் இருக்கிறோம். மீதி இரண்டில் முழு மனதோடு இருப்போம்.

போன மாதத்து நாட்குறிப்புப் பக்கங்களை நகல் எடுத்து இந்த மடலோடு வைத்திருக்கிறேன். முதியவர்களின் பெயர்களை மட்டும் மறைத்திருக்கிறேன். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் அவற்றைச் சுற்றுக்கு விடுங்கள். என்னை அழைத்தால் நேரில் வந்து விளக்கமும் சொல்கிறேன். செவ்வாயும் சனியும் தவிர எந்த நாள் வைத்தாலும் வருகிறேன். அந்த இரண்டு நாளும் அந்தத் தெருவில் எங்கள் முறை.

அன்புடன்,
ஒரு சிறிய உறுப்பு அமைப்பின் ஒருங்கிணைப்பாளர்